லினக்ஸ் அசெம்பிளியில் ஹெக்ஸ் 80-இல் ஆர்க்யுமென்ட் ஏன் இல்லை?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். திருவாரூர் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள். லேபில் டாஸ்பாக்ஸுக்குள் (பழைய டாஸ் இயங்குதளத்தைப் போலச் செய்யும் மென்பொருள்) மாஸ்ம் என்ற அசெம்பிளரை வைத்து 8086 அசெம்பிளி எழுதுகிறீர்கள். புரோகிராமின் பெயருக்குப் பக்கத்தில் அடிக்கும் எண்ணை, அதாவது ஆர்க்யுமென்ட்டை, உள்ளே வாங்க ‘ஹெக்ஸ் 80-இல் பார்’ என்று நோட்டில் இருக்கிறது (ஹெக்ஸ் என்றால் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை). வீட்டு மடிக்கணினியில் லினக்ஸும் நாஸ்ம் என்ற அசெம்பிளரும். அங்கே அதே ஹெக்ஸ் 80-ஐப் படித்தால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று செத்துவிடுகிறது. ஸ்டாக்கில் (புரோகிராமின் அடுக்கு நினைவகத்தில்) இருக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கிருந்து எடுத்து அச்சிட்டால் 125 வரவேண்டிய இடத்தில் 1407 என்று தொடங்கும் பதினைந்து இலக்க எண் வருகிறது, ஓட்டும்போதெல்லாம் அதன் வால் மாறுகிறது. கடைசியில் ‘ஆர்க்யுமென்ட்டைத் தரும் இன்ட்டரப்ட் எது?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி ஒரு இன்ட்டரப்ட், அதாவது இயங்குதளத்தைக் கூப்பிடும் வழி, இல்லை. சிக்கலே இந்த ‘தரும்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. விசைப்பலகையில் ஒரு எழுத்து வேண்டுமென்றால் கேட்டு வாங்குகிறோம். ஆர்க்யுமென்ட் அப்படிக் கேட்டு வாங்கும் பொருள் இல்லை. உங்கள் புரோகிராமின் முதல் கட்டளை ஓடுவதற்கு முன்னாலேயே வேறொருவர் அதை நினைவகத்தில் ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். யார் வைத்தார், எங்கே வைத்தார், எந்த உருவத்தில் வைத்தார் என்று தெரிந்தால் மீதி எல்லாம் சாதாரண லூப்தான்.

நான் கும்பகோணம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இருபது வருஷத்துக்கு மேல் மைக்ரோபிராசஸர் லேப் நடத்தியவன். அதற்கு முன்னால் அரிசி ஆலைகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் டாஸில் சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் டாஸ், லினக்ஸ் இரண்டையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். விண்டோஸில் அசெம்பிளி அதிகம் எழுதியதில்லை, அதைக் கடைசியில் இரண்டு வரியோடு விட்டுவிடுவேன். இன்னொன்று, உங்கள் நிரலை நீங்கள் போடவில்லை. எனவே உங்கள் தவறு எது என்று நான் சொல்லும் இடங்களில் ஒன்று ஏறக்குறைய உறுதி, மற்றவை ஊகம். எது எது என்று அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் 80 என்ற எண். இங்கே இரண்டு 80 இருக்கின்றன, இரண்டுக்கும் சொந்தபந்தம் எதுவும் இல்லை. டாஸில் ஹெக்ஸ் 80 என்பது நினைவகத்தில் ஓர் இடம். லினக்ஸில் இன்ட் 80 என்பது 32 பிட் புரோகிராம்கள் கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) கூப்பிடும் வாசல். ஒன்று வீட்டு எண், இன்னொன்று பஸ் எண். லேபில் வருஷத்துக்கு நாலு பேராவது இதைக் குழப்பிக்கொண்டு வருவார்கள், நீங்கள் முதல் ஆள் இல்லை. லினக்ஸ் புரோகிராமுக்கு ஹெக்ஸ் 80 என்ற முகவரியில் நினைவகமே ஒதுக்கப்பட்டிருக்காது. அதைத் தொட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட் வருவதுதான் சரி.

டாஸில் அந்த இடத்துக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம், உங்கள் லேபுக்கு அது தேவை. டாஸ் ஒரு புரோகிராமை ஏற்றும்போது அதற்கு முன்னால் 256 பைட் கொண்ட ஒரு தலைப்பகுதியை வைக்கும். அதைப் பிஎஸ்பி என்பார்கள். அதன் பின்பாதி ஹெக்ஸ் 80-இல் தொடங்குகிறது. 80-ஆவது பைட்டில் நீளம், 81-இலிருந்து நீங்கள் புரோகிராம் பெயருக்குப் பிறகு அடித்த மொத்த வால், கடைசியில் ஹெக்ஸ் 0டி, அதாவது என்டர் விசையின் 13. இது டாஸ் கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை. அதற்கு முந்தைய சிபி/எம் என்ற இயங்குதளத்தின் காலத்திலேயே வால் அங்கேதான் கிடந்தது, பழைய புரோகிராம்களை எளிதாக மாற்றி எழுதட்டும் என்று டாஸும் அப்படியே வைத்துக்கொண்டது. உங்கள் லேபில் டிபக் என்ற பிழைதேடும் கருவி இருந்தால் ‘மூட்டை.காம் 125’ என்று அதற்குள் ஏற்றி ‘டி 80’ அடித்துப் பாருங்கள். 04 20 31 32 35 0டி என்று ஆறு பைட் தெரியும். நீளம் 3 இல்லை, 4. பெயருக்கும் எண்ணுக்கும் நடுவில் நீங்கள் விட்ட இடைவெளியும் (ஹெக்ஸ் 20) கணக்கில் சேரும். கடைசி 0டி மட்டும் கணக்கில் சேராது. வாலுக்கு உச்சவரம்பு 126 எழுத்து.

இங்கே கவனியுங்கள், டாஸ் எதையும் பிரித்துத் தரவில்லை. மூன்று இடைவெளி விட்டு அடித்தால் மூன்றும் அப்படியே இருக்கும். மேற்கோள் குறி போட்டால் அதுவும் ஓர் எழுத்தாக வந்து உட்கார்ந்திருக்கும். இடைவெளியையும் டேபையும் தாண்டிப் போவது, சொல் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொள்வது, அடுத்த இடைவெளியோ 0டியோ வரும்வரை நடப்பது எல்லாம் உங்கள் வேலை.

மாஸ்மில் எழுதும் பிள்ளைகள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. இஎக்ஸ்இ புரோகிராம் தொடங்கும்போது டிஎஸ், இஎஸ் என்ற செக்மென்ட் ரிஜிஸ்டர்கள் இரண்டுமே பிஎஸ்பியைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் நமக்கு விரல் பழக்கம், முதல் இரண்டு வரியிலேயே டேட்டா செக்மென்ட்டை ஏஎக்ஸில் போட்டு டிஎஸ்ஸுக்கு மாற்றிவிடுவோம். அதற்குப் பிறகு டிஎஸ் வழியாக 80-ஐப் படித்தால் வருவது உங்கள் சொந்த டேட்டா. வாலைப் படிக்க இஎஸ்ஸைப் பயன்படுத்துங்கள், அது இன்னும் பிஎஸ்பியில்தான் நிற்கும். இஎஸ்ஸையும் மாற்றிவிட்டீர்கள் என்றால் ஏஎச்சில் ஹெக்ஸ் 62 வைத்து இன்ட் 21 கூப்பிடுங்கள், பிஎஸ்பியின் செக்மென்ட் பிஎக்ஸில் வரும். டாஸ் 3-இலிருந்து இது உண்டு. இருக்கும் இடத்தைத்தான் இது காட்டும், ஆர்க்யுமென்ட்டைப் பிரித்துத் தராது.

என் சொந்தக் கதை ஒன்று. மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு, கணக்குக் கோப்புகளை ஃப்ளாப்பிக்கு நகல் எடுக்கும் காம் புரோகிராம் எழுதினேன். முதல் ஆர்க்யுமென்ட் நட்சத்திரக் குறி போட்ட கோப்புப் பெயர், இரண்டாவது எந்த டிரைவ் என்பது. முதல் ஆர்க்யுமென்ட்டைப் படித்ததும் கோப்பைத் தேடும் இன்ட் 21-இன் 4இ வேலையைக் கூப்பிட்டேன். கோப்பு கிடைத்தது. அப்புறம் இரண்டாவது ஆர்க்யுமென்ட்டைப் படித்தால் குப்பை. சோதித்துப் பார்த்தபோது டிரைவ் எழுத்தைத் தராமலே ஓட்டியிருக்கிறேன், அதனால் வீட்டில் ஒரு பிழையும் தெரியவில்லை. ஆலையில் போய் உட்கார்ந்தால் தெரிகிறது. இரண்டு நாள் தலையைச் சொறிந்த பிறகுதான் விளங்கியது. கோப்புத் தேடலின் விடையை டாஸ் எழுதிவைக்கும் இடம், நாம் வேறு எதுவும் சொல்லாதவரை, அதே ஹெக்ஸ் 80. 43 பைட் விடை வந்து என் வாலின் மேல் படுத்துவிட்டது. ஏஎச்சில் ஹெக்ஸ் 1ஏ வைத்து அந்த இடத்தை முன்கூட்டியே மாற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் வாலை முதல் வேலையாக வேறிடத்துக்கு நகல் எடுத்திருக்க வேண்டும். நான் அதற்குப் பிறகு எப்போதும் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

சரி, லினக்ஸுக்கு வருவோம். இங்கே பிரிக்கும் வேலையை ஷெல் (நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் புரோகிராம்) முடித்துவிடுகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், டாஸில் வாய்க்கால் தண்ணீர் மொத்தமாக வயல் வாசலுக்கு வரும், வரப்பை வெட்டிப் பிரிப்பது உங்கள் பாடு. லினக்ஸில் மேலே மதகிலேயே பங்கு பிரித்துவிடுகிறார்கள். இடைவெளிகளைத் தின்பது, மேற்கோள் குறிகளைக் கழற்றுவது, நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது எல்லாம் ஷெல்லின் பொறுப்பு. அது பிரித்த சொற்களைக் கெர்னலிடம் ஒப்படைக்கும், கெர்னல் அவற்றைப் புதிய புரோகிராமின் ஸ்டாக்கில் மேலே நகலெடுத்து வைக்கும். ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு பூஜ்ய பைட். அதனால் உங்கள் நிரலில் இடைவெளியைத் தேடும் லூப் வேண்டவே வேண்டாம். நீங்கள் லேப் நிரலை அப்படியே கொண்டுவந்து 0டியைத் தேடிக்கொண்டிருந்தால் அது கிடைக்காது, லூப் ஸ்டாக்கின் விளிம்பைத் தாண்டி ஓடி விழும். (இது ஊகம். ஆனால் பலர் செய்வது.)

இப்போது ஸ்டாக்கின் அமைப்பு. 64 பிட் லினக்ஸில் ‘மூட்டை 125’ என்று ஓட்டினீர்கள் என்று வையுங்கள். மூட்டைக்கு 40 கிலோ என்று பெருக்கி எடையைச் சொல்ல வேண்டும், கொள்முதல் நிலையத்தில் நெல் பிடிக்கும் மூட்டைக் கணக்கு. புரோகிராம் தொடங்கும் இடமான உங்கள் _ஸ்டார்ட் லேபிளில் முதல் கட்டளை ஓடும் கணத்தில் ஆர்எஸ்பி (ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ரிஜிஸ்டர்) காட்டும் 8 பைட்டில் 2 என்ற எண் இருக்கும். அது எத்தனை சொல் என்பது, புரோகிராமின் பெயரும் அதில் ஒன்று. ஆர்எஸ்பி கூட்டல் 8-இல் புரோகிராம் பெயர் இருக்கும் முகவரி. ஆர்எஸ்பி கூட்டல் 16-இல் ‘125’ என்ற எழுத்துகள் இருக்கும் முகவரி. கூட்டல் 24-இல் பூஜ்யம், பட்டியல் முடிந்தது என்ற அடையாளம். கூட்டல் 32-இலிருந்து சூழல் மாறிகளின் (ஷெல் கூடவே அனுப்பும் அமைப்புச் சொற்களின்) முகவரிகள், அவை முடிந்ததும் இன்னொரு பூஜ்யம். 32 பிட் புரோகிராம் என்றால் இதே வரிசைதான், 8-க்குப் பதில் 4, ஆர்எஸ்பிக்குப் பதில் இஎஸ்பி.

உங்கள் பதினைந்து இலக்க எண் இங்கேதான் பிடிபடுகிறது. கூட்டல் 16-இல் இருப்பது முகவரி. அதை எண்ணாக நினைத்து அப்படியே அச்சிட்டிருக்கிறீர்கள். இது ஏறக்குறைய உறுதி என்று சொல்வதற்குக் காரணம் அந்த 1407. 64 பிட் லினக்ஸில் ஸ்டாக் வழக்கமாக ஹெக்ஸில் 7எஃப்எஃப்சி முதல் 7எஃப்எஃப்எஃப் வரை தொடங்கும் முகவரிகளில் உட்காரும். அவற்றைத் தசமத்தில் எழுதினால் 1407 என்றுதான் தொடங்கும். வால் ஒவ்வொரு முறையும் மாறுவதற்குக் காரணம், பாதுகாப்புக்காகக் கெர்னல் ஸ்டாக்கை ஒவ்வொரு ஓட்டத்திலும் சற்றுத் தள்ளித் தள்ளி வைப்பது. கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா வாங்கினால் அதில் புல எண்கள் வரிசையாக இருக்கும். புல எண்ணைப் பார்த்துக்கொண்டு வயலுக்கு நடக்க வேண்டும், சிட்டாவிலேயே நாற்று நட முடியாது. ஸ்டாக்கில் இருப்பது சிட்டா. ஆர்எஸ்பி கூட்டல் 16-ஐ ஆர்எஸ்ஐக்குள் எடுங்கள், அப்புறம் ஆர்எஸ்ஐ காட்டும் இடத்திலிருந்து ஒரு பைட் எடுங்கள். 49 கிடைக்கும், ‘1’ என்ற எழுத்தின் எண்.

அந்த ‘முதல் கட்டளை ஓடும் கணத்தில்’ என்ற சொற்களை நான் சும்மா போடவில்லை. ஒரு சப்ரூட்டீனைக் கால் செய்து அதற்குள்ளிருந்து ஆர்எஸ்பி கூட்டல் 16-ஐப் படித்தால் வருவது புரோகிராம் பெயரின் முகவரி, ஏனென்றால் கால் கட்டளை திரும்பும் முகவரியை ஸ்டாக்கில் தள்ளி எல்லாவற்றையும் 8 பைட் நகர்த்திவிட்டது. நீங்கள் ஏதாவது புஷ் செய்தாலும் இதே கதைதான். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, முதல் வரியிலேயே ஆர்எஸ்பியை வேறொரு ரிஜிஸ்டரில், ஆர்12 மாதிரி ஒன்றில், நகல் எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஸ்டாக் எங்கே ஆடினாலும் கவலை இல்லை. பாப் பாப் என்று மூன்று முறை எடுத்து வேலையை முடிக்கும் எடுத்துக்காட்டுகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. அவை தவறில்லை, ஆனால் எண்ணிக்கையைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டே போனால் பூஜ்யத்தைத் தாண்டிச் சூழல் மாறிகளுக்குள் நுழைந்துவிடுவீர்கள்.

ஜிசிசி என்ற சி கம்பைலர் வழியாக இணைத்து, _ஸ்டார்ட்டுக்குப் பதில் மெயின் என்று எழுதுகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. அங்கே சி நூலகம் உங்களுக்கு முன்னால் ஓடி, எண்ணிக்கையை இடிஐயிலும் பட்டியலின் முகவரியை ஆர்எஸ்ஐயிலும் வைத்துக் கொடுக்கும். ஸ்டாக்கைத் தோண்ட வேண்டாம், ஆர்எஸ்ஐ கூட்டல் 8-இல் முதல் ஆர்க்யுமென்ட்டின் முகவரி. இணையத்தில் இந்த இரண்டு வகைக்கும் எழுதிய விடைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்றில் பாதி, மற்றொன்றில் பாதி எடுத்து ஒட்டினால் எதுவும் ஓடாது.

இனி, ஆர்க்யுமென்ட்டைத் திரையில் அச்சிட முயன்று ஒன்றுமே வரவில்லை என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இன்ட் 80 பயன்படுத்தியதாகவும் சொல்கிறீர்கள். இதற்கும் ஒரு நல்ல காரணம் இருக்க வாய்ப்புண்டு. 64 பிட் புரோகிராமுக்குள்ளிருந்து இன்ட் 80 கூப்பிட்டால் கெர்னல் அதை 32 பிட் அழைப்பாகவே எடுத்துக்கொள்ளும், முகவரியின் மேல்பாதியைப் பார்க்காது. உங்கள் டேட்டா பகுதியில் எழுதிய ‘வணக்கம்’ கீழ் முகவரியில் இருப்பதால் சரியாக அச்சாகும். ஆர்க்யுமென்ட்டோ ஸ்டாக்கில், உச்சியில் இருக்கிறது. முகவரியைப் பாதியாக வெட்டினால் ஒன்றும் இல்லாத இடத்தைக் காட்டும், கெர்னல் சத்தமில்லாமல் இஏஎக்ஸில் கழித்தல் 14-ஐத் திருப்பித் தரும். வணக்கம் வருகிறது, ஆர்க்யுமென்ட் வரவில்லை என்றால் இதுதான். 64 பிட்டில் கெர்னலைக் கூப்பிடும் சிஸ்கால் கட்டளைக்கு மாறுங்கள். எண்களும் மாறும் என்பதை மறக்காதீர்கள். எழுதும் வேலை இன்ட் 80-இல் 4, சிஸ்காலில் 1. வெளியேறுவது அங்கே 1, இங்கே 60. சிஸ்கால் ஆர்சிஎக்ஸையும் ஆர்11-ஐயும் அழித்துவிடும், லூப் எண்ணிக்கையை ஆர்சிஎக்ஸில் வைத்திருந்தால் போச்சு.

எழுத்தை எண்ணாக்கும் வேலைதான் மீதி. கூட்டுத்தொகையைப் பூஜ்யத்தில் தொடங்குங்கள். ஒரு பைட் எடுங்கள், பூஜ்யமானால் நிறுத்துங்கள். 48-ஐக் கழியுங்கள். இருப்பதைப் பத்தால் பெருக்கி இதைக் கூட்டுங்கள். 125-க்கு 1, 12, 125 என்று வளரும். இதில் மூன்று இடங்களில் வழுக்கும். பைட்டை ஏஎல்லில் மட்டும் எடுத்துவிட்டு முழு ரிஜிஸ்டரையும் கூட்டினால், ஏஎல்லுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்த பழைய பிட்டுகளும் சேர்ந்துவிடும். 32 பிட்டாக எழுதினால் மேல்பாதி தானாகப் பூஜ்யமாகும், 8 பிட்டாக எழுதினால் ஆகாது. மேல் பிட்டுகளைப் பூஜ்யமாக்கும் மூவ்இசட்எக்ஸ் போட்டு எடுங்கள்.

அடுத்தது எனக்குப் பிடித்த இடம். 48-ஐக் கழித்தபின் 9-உடன் ஒரே ஒரு ஒப்பீடு செய்து, பெரியதானால் பிழை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு ஜேஏ போட வேண்டும், ஜேஜி போடக்கூடாது. கழித்தல் குறியின் எண் 45. அதில் 48 போனால் கழித்தல் 3. குறியுள்ள ஒப்பீடான ஜேஜிக்கு அது 9-ஐ விடச் சிறியது, இலக்கம் என்று உள்ளே விட்டுவிடும். குறியற்ற ஜேஏவுக்கு அது 253, பிடித்துவிடும். தமிழில் அடித்தால் முதல் பைட்டுக்கு இதே கதைதான். யாராவது எண்ணுக்குப் பதில் ‘நெல்’ என்று அடித்தால், நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, புரோகிராமுக்கு வருவது 12 பைட். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், நகரம், எகரக் குறி, லகரம், புள்ளி என்று நாலு குறியீடு. முதல் பைட் ஹெக்ஸ் இ0, அதாவது 224. 48 போக 176. எட்டு பிட்டில் குறியோடு பார்த்தால் அது கழித்தல் 80. ஜேஜி போட்டிருந்தால் அந்த முதல் பைட்டை இலக்கம் என்று உள்ளே விட்டுவிடும், அடுத்த பைட்டில்தான் (174, 48 போக 126) பிடிபடும். ஒரு முறை எங்கள் லேபில் இப்படித்தான் ஒரு மாணவனின் புரோகிராம் கழித்தல் குறியோடு அடித்தாலும் எடை போட்டுக் கொடுத்தது.

மூன்றாவது, எல்லை. இரட்டை மேற்கோள் குறியை வெறுமனே திறந்து மூடி அடித்தால் வெற்று ஆர்க்யுமென்ட் வரும், முதல் பைட்டே பூஜ்யம். ஒரு இலக்கமாவது படித்தோமா என்று பார்க்காவிட்டால் அதைச் செல்லுபடியாகும் 0 என்று எடுத்துக்கொள்வீர்கள். இருபத்தைந்து இலக்கம் அடித்தால் ரிஜிஸ்டர் நிரம்பி வழியும். பத்தால் பெருக்க எல்இஏ கட்டளையை இரண்டு முறை போடும் தந்திரத்தைச் சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். வேகம்தான், ஆனால் எல்இஏ எந்த ஃப்ளாகையும் தொடாது, வழிந்ததே தெரியாது. பயனர் அடிப்பதைப் படிக்கும் இடத்தில் வேகம் யாருக்கு வேண்டும்? பெருக்கல் கட்டளையான எம்யுஎல் போட்டு, வழிந்ததைக் காட்டும் கேரி ஃப்ளாகைப் பாருங்கள், கூட்டியபின்னும் ஒருமுறை பாருங்கள்.

‘-என்’ போன்ற விருப்பக் குறிகளைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். முதல் பைட் 45 என்றால் அது விருப்பம், அடுத்த பைட் எது என்று பாருங்கள், அதற்கடுத்த பைட் பூஜ்யமா என்றும் பாருங்கள். இரண்டு கழித்தல் மட்டும் தனியாக வந்தால் அதற்குப் பின் வருவதெல்லாம் விருப்பம் இல்லை, சாதாரணச் சொல் என்பது யூனிக்ஸ் மரபு. டாஸில் இந்த வேலைக்குச் சாய்கோடு.

எண்ணிக்கையைச் சரிபார்க்கும் வரியைச் சோம்பேறித்தனமாக விட்டுவிடாதீர்கள். ஆர்எஸ்பி காட்டுவது 2 இல்லையென்றால் எப்படி ஓட்டுவது என்று ஒரு வரியைப் பிழை வெளியீட்டில், அதாவது எண் 2-இல், அச்சிட்டு, பூஜ்யமல்லாத குறியீட்டுடன் வெளியேறுங்கள். ‘1-ஐ விடக் குறையவே குறையாது, புரோகிராம் பெயராவது இருக்குமே’ என்று நினைக்காதீர்கள். கூப்பிடுபவர் நினைத்தால் வெற்றுப் பட்டியலையும் அனுப்பலாம். அப்போது ஆர்எஸ்பியில் 0, கூட்டல் 8-இல் முடிவுப் பூஜ்யம், கூட்டல் 16-இல், அதாவது முதல் ஆர்க்யுமென்ட்டின் இடத்தில், முதல் சூழல் மாறி. 2022 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட பிகேஎக்ஸெக் (வேறு பயனரின் அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் லினக்ஸ் புரோகிராம்) ஓட்டை சரியாக இதுதான். அந்தப் புரோகிராம் பூஜ்யத்தை எதிர்பார்க்காமல் முதல் ஆர்க்யுமென்ட்டைப் படித்தது, சூழல் மாறியைப் படித்து அதன் மேலேயே எழுதவும் செய்தது. சாதாரணப் பயனர் ஒருவர் எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் ஆகிவிடலாம். 2009 முதல் அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. லினக்ஸ் 5.18-இலிருந்து வெற்றுப் பட்டியல் வந்தால் கெர்னலே ஒரு வெற்றுச் சொல்லை முதலில் போட்டுவிடுகிறது. பழைய கெர்னல்களை நம்பி இருக்க முடியாது.

ராஸ்பெர்ரி பை போன்ற 64 பிட் ஏஆர்எம் லினக்ஸிலும் இதே வரிசைதான், ஆர்எஸ்பிக்குப் பதில் எஸ்பி, அவ்வளவே. விண்டோஸ் கொஞ்சம் டாஸ் குணம் கொண்டது. முழு வரியும் ஒரே சரமாகத்தான் புரோகிராமுக்கு வரும், கெட்கமாண்ட்லைன் என்ற செயற்கூறு அதன் முகவரியைத் தரும், பிரிக்கக் கமாண்ட்லைன்டுஆர்க்விடபிள்யூ என்று இன்னொன்று உண்டு. மேற்கோள் குறிக்கு முன்னால் வரும் பின்சாய்கோடுகளை எண்ணும் விதி கொஞ்சம் வினோதமானது. அதைச் சொந்தமாக எழுத முயலாமல் அந்தச் செயற்கூறையே பயன்படுத்துங்கள் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

நான் சொன்னதை நம்புவதை விட உங்கள் கண்ணால் பார்ப்பது நல்லது. புரோகிராமை ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் ஏற்றி, ரன் கொடுக்கும் இடத்தில் ‘ஸ்டார்ட்ஐ 125’ என்று கொடுங்கள். முதல் கட்டளைக்கு முன்பே நின்றுவிடும். ஆர்எஸ்பியிலிருந்து நாலு எட்டு பைட் சொற்களை ஹெக்ஸில் பாருங்கள். 2, ஒரு 7எஃப்எஃப் முகவரி, இன்னொரு 7எஃப்எஃப் முகவரி, 0. மூன்றாவதை எடுத்து அந்த முகவரியில் உள்ள சரத்தைக் காட்டச் சொன்னால் 125 தெரியும். தெரியவில்லை என்றால் அந்த நாலு சொற்களையும், நாஸ்ம், எல்டி (இணைக்கும் கருவி) கட்டளைகளை எப்படிக் கொடுத்தீர்கள் என்பதையும் இங்கே போடுங்கள், 32 பிட்டாக இணைத்துவிட்டீர்களா என்று பார்க்கலாம்.

லேப் தேர்வு டாஸ்பாக்ஸில்தான் என்றால் லினக்ஸ் கதையை அன்றைக்கு மறந்துவிட்டு, டிஎஸ்ஸை மாற்றிய பிறகு இஎஸ் வழியாக 81-ஐப் படியுங்கள். ஏஎச் 09 வைத்து வாலை அச்சிடச் சொன்னால் அது டாலர் குறி வரும்வரை அச்சிட்டுக்கொண்டே போகும், 0டியில் நிற்காது. அதனால் நீளத்தை எடுத்து 0டி இருக்கும் இடத்தில் ஒரு டாலர் குறியை எழுதிவிடுங்கள். அந்த வேலையைக் கூப்பிடும் முன் டிஎஸ்ஸையும் பிஎஸ்பிக்குத் திருப்ப வேண்டும், முடிந்ததும் பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள்.